பட்டமும் கடனும்: உயிரியல் பயில்வோர் நிறுத்துப் பார்க்க வேண்டியவை

வள்ளுவப் பெருந்தகை கல்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். 'தெரிந்து செயல்வகை' என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். முன்னதை மேடைதோறும் கேட்கின்றோம். பின்னதைக் கல்வியோடு இணைத்துப் பேசுவோர் அரியர். அவ்வதிகாரத்தின் முதற்குறள், ஒரு செயலில் இறங்குமுன் அதற்கு ஆகும் செலவையும், அதனால் கைக்கு வரும் வரவையும், பின்னர்த் தொடர்ந்து விளையும் பயனையும் ஒருசேர எண்ணுமாறு அறிவுறுத்துகின்றது. அரசியல் பற்றிய இயலில் வேந்தர்க்குச் சொல்லப்பட்ட அவ்வறிவுரை, இன்று பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வரும் ஒவ்வொரு பெற்றோர்க்கும் உரியதாகி நிற்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், சேர்க்கை நடைபெறும் நாளொன்றில், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பணிபுரியும் அன்பர் ஒருவர் என்னிடம் வந்தார். மகள் மேல்நிலை வகுப்பில் உயிரியல் பிரிவில் தேறியிருந்தாள். மருத்துவம் கிட்டவில்லை. இளநிலை அறிவியலில் உயிரியல் சார்ந்த பாடம் ஒன்றில் சேர விரும்பினாள். வங்கியில் கடன் தருவதாகச் சொல்லியிருந்தனர். "வாங்கலாங்களா சார்? படிச்சு முடிச்சா அவளே கட்டீருவாளுங்களா?" என்று கேட்டார்.

அவருக்கு உடனே விடை கூற நான் துணியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதற்கும் பல்லாண்டு முன்பு இதே வினாவை வேறொரு தந்தை கேட்டபோது, "கல்விதானே, தயங்காமல் வாங்குங்கள்" என்று கூறிவிட்டேன். கணக்கு எதுவும் போட்டுப் பார்க்கவில்லை. அந்த மாணவி நன்றாகப் படித்தாள், பட்டமும் பெற்றாள். ஆனால் அவள் திருமணம் முடிந்து குழந்தை பள்ளிக்குச் செல்லும் காலத்திலும் அக்கடன் முடியவில்லை என்பதை ஒருநாள் பேருந்து நிலையத்தில் அவள் தந்தையே சொல்லக் கேட்டேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. எனினும் அன்று முதல், எண்ணிப் பாராமல் அறிவுரை கூறும் பழக்கத்தை விட்டொழித்தேன். தமிழாசிரியனுக்கு வட்டிக் கணக்கு எதற்கு என்று கேட்போர் இக்கட்டுரையை அந்தத் தவற்றிற்கு நான் செலுத்தும் ஈடாகக் கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

உயிரியல் பிரிவும் நம் மண்ணும்

சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் 1997 சனவரி முதல் நாளில் தனி மாவட்டமாயிற்று. முட்டைக்கும் லாரிக்கும் பெயர்பெற்ற இம்மாவட்டம், விடுதியுடன் கூடிய மேல்நிலைப் பள்ளிகளுக்கும் அக்காலத்திலேயே புகழ்பெற்றது. மருத்துவ இடத்திற்கு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் துணைநின்ற காலத்தில், தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளை இங்குக் கொணர்ந்து உயிரியல் பிரிவில் சேர்த்தனர். 2017-இல் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பெயரை வெளியிடும் வழக்கத்தை அரசு கைவிட்டது. மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக் கட்டணத்தோடு நீட் பயிற்சிக் கட்டணமும் சேர்ந்தது. ஓராண்டு, ஈராண்டு எனக் காத்திருந்து மீண்டும் மீண்டும் தேர்வெழுதும் வழக்கமும் பெருகியது.

ஆகவே உயிரியல் மாணவர் பலர் கல்லூரி வாயிலை மிதிக்கும்போதே அவர்தம் குடும்பம் கடனில் இருக்கின்றது. அக்கடன் எந்த வங்கியின் கல்விக்கடன் பேரேட்டிலும் இராது. தாயின் கழுத்துச் சங்கிலி அடகில் இருக்கும். சீட்டுப் பணம் தள்ளி எடுக்கப்பட்டிருக்கும். தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு வாங்கியிருப்பர். இளநிலைப் பட்டத்திற்கு ஆகும் செலவை எண்ணுவோர் இந்தப் பழைய கடனையும் முதல் வரியில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

செலவைக் கணக்கிடும் முறை

கல்விக்கடன் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1963-இல் நடுவணரசு வட்டியில்லாத கடன் உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அத்திட்டம் பின்னாளில் நின்றது. இன்று வங்கிகள் பின்பற்றும் முறை, இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த மாதிரித் திட்டத்தை அடியொற்றியது. இதன்படி 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. பெற்றோர் இணைக்கடனாளராகக் கையொப்பமிட்டாற் போதும். 2015-இல் வந்த கடன் உத்தரவாத நிதித் திட்டம் இவ்வசதியை ஏழரை லட்சம் வரை விரிவாக்கியது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டி முடிக்கலாம்.

இங்கு ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. தவணை இல்லாத அந்நான்கு ஆண்டுகளில் வட்டியும் இல்லை என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. வட்டி நாள்தோறும் ஏறிக்கொண்டேயிருக்கும். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்திற்கு மேற்படாத குடும்பத்தினர்க்கு இக்கால வட்டியை நடுவணரசே ஏற்கும் திட்டம் 2009-இல் வந்தது. அது தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி பயில்வோர்க்கென அமைந்தது. பொதுவான இளநிலை அறிவியல் பட்டம் அவ்வரையறைக்குள் வருவதில்லை. அரசு வட்டியைக் கட்டிவிடும் என நம்பிக் கையொப்பமிடுமுன் வங்கியில் தெளிவாகக் கேட்டறிதல் நலம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சுயநிதிப் பிரிவில் கட்டணம், விடுதி, புத்தகம், ஆய்வுக்கூடச் செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் எனவும், வட்டி நூற்றுக்கு ஆண்டொன்றுக்கு 10 ரூபாய் எனவும் கொள்வோம். முதலாண்டு வாங்கிய லட்சத்திற்கு நான்காண்டு வட்டி 40,000. இரண்டாம் லட்சத்திற்கு 30,000. மூன்றாம் லட்சத்திற்கு 20,000. ஆக வாங்கியது 3 லட்சம். முதல் தவணை கட்டத் தொடங்கும் நாளில் கடன் 3,90,000 ரூபாய்.

இதனை 7 ஆண்டுகளில் கட்டுவதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 6,475 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 5,44,000. பதினைந்து ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 4,190 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தம் கட்டுவது 7,54,000 ரூபாயாக உயரும். வாங்கிய 3 லட்சத்தைப் போல் இரண்டரை மடங்கு இது. தவணை சிறியதாகத் தோன்றுவதால் கடனும் சிறியது என மயங்குதல் கூடாது.

இதே 3 லட்சத்தை வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் என்னாகும்? நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்பது ஆண்டுக்கு 24 ரூபாய். மாதந்தோறும் வட்டி மட்டுமே 6,000 ரூபாய். எத்தனை ஆண்டு கட்டினும் அசலில் ஒரு ரூபாயும் குறையாது. வங்கிக்கு 6,475 ரூபாய் கட்டுவோர் ஏழாண்டில் விடுபடுகின்றனர். ஏறத்தாழ அதே தொகையை வட்டிக்காரரிடம் கட்டுவோர் விடுபடுவதே இல்லை. கடன் வாங்கியே தீரவேண்டுமெனில் எங்கு வாங்கல் ஆகாது என்பதற்கு இக்கணக்கே சான்று.

முதல் வரவு

இனி வரவைக் காண்போம். விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் ஆகியவற்றுள் ஒன்றில் இளநிலைப் பட்டம் மட்டும் பெற்ற ஒருவர்க்கு என்னென்ன வாயில்கள் திறந்துள்ளன? மருந்து விற்பனைப் பிரதிநிதி, மருத்துவக் குறியீட்டு நிறுவனப் பணி, உணவு மற்றும் மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, நம் வட்டாரத்துக் கோழித் தீவன ஆய்வுக்கூடம், குஞ்சுப் பொரிப்பகம் முதலியன முதலில் நினைவுக்கு வருவன. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பணிபுரிய மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பயிற்சி தனியே வேண்டும். விலங்கியல் பட்டம் அதற்கு ஈடாகாது.

இவ்வேலைகளில் முதற் சம்பளம் மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவரவர் ஊரில், அவரவர் கல்லூரியில் முன்னர்ப் பயின்றோரிடம் கேட்டு உண்மைத் தொகையை இவ்விடத்தில் இட்டுக்கொள்ளலாம். 15,000-இல் 6,475 தவணைக்குப் போனால் மிஞ்சுவது 8,525. சென்னையிலோ கோவையிலோ ஓசூரிலோ அறை வாடகை கொடுத்து, உண்டு, பேருந்தில் சென்று, வீட்டிற்கும் அனுப்ப அத்தொகை போதுமா என்பதை வாசகரே உய்த்துணரலாம்.

அரசுப் பணியின் நிலை வேறு. தமிழக அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர்க்கு 2017-இல் திருத்தப்பட்ட ஊதிய முறையில் தொடக்க அடிப்படை ஊதியமே 36,400 ரூபாய். இதில் 6,475 ரூபாய்த் தவணை ஒரு சுமையாகாது. ஆனால் அவ்விடத்தை அடையும் வழி நெடியது. ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டாயிற்று. தமிழகத்தில் 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடைபெறுகின்றது. அதில் தேறியோரும் நியமனத்திற்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். ஆக, 18 வயதில் சேர்ந்த மாணவி பி.எட். முடிக்கும்போது அவளுக்கு வயது 23. அப்போதும் கையில் இருப்பது தகுதியேயன்றிப் பணி அன்று. வங்கித் தவணையோ பட்டம் பெற்ற ஓராண்டிலேயே கதவைத் தட்டத் தொடங்கும்.

பிற நாடுகளில் சில இடங்களில் இம்முரணுக்கு ஒரு தீர்வு கண்டுள்ளனர். ஆஸ்திரேலியாவில் 1989-இல் வந்த முறைப்படி, பட்டதாரியின் வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பின்னரே கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். இங்கிலாந்திலும் அத்தகைய முறையே உள்ளது. அமெரிக்காவில் மாணவர் கடன் 1.7 லட்சம் கோடி டாலர் அளவிற்குப் பெருகி, அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசு வகுத்த திட்டத்தை 2023-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. நம் நாட்டு வங்கித் தவணை வருமானத்தைப் பார்ப்பதில்லை, நாட்காட்டியைப் பார்க்கின்றது. எனவே இங்கே கடன் வாங்குவோர், கிடைக்கக்கூடிய உயர்ந்த சம்பளத்தை அன்று, உறுதியாகக் கிடைக்கும் தாழ்ந்த சம்பளத்தையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.

பின்னர் விளையும் பயன்

இவ்வளவையும் படித்தோர், உயிரியல் பயனற்ற படிப்பு என்று நான் கூறுவதாகக் கருதற்க. நம் வட்டாரத்துக் கோழிப் பண்ணையாளரை நோக்குக. குஞ்சு வாங்கும் நாளிலேயே அவர், ஏறத்தாழ 20 வாரம் ஒரு முட்டையும் வராது, தீவனம் மட்டும் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அறிவார். அந்த 20 வாரத் தீவனத்திற்குப் பணம் இல்லாமல் அவர் பண்ணையில் இறங்குவதில்லை. உயிரியல் பட்டமும் அத்தகையதே. மூன்றாண்டில் அது முட்டையிடாது. அதன்மேல் இன்னொரு படி ஏறினால்தான் பயன் தரும். உயிரியலில் கடனை அடைப்பது முதற்பட்டம் அன்று, அதனை அடுத்து வரும் படியே. இவ்வொன்றை உளங்கொண்டால் எங்குக் கடன் வாங்குவது, எங்கு வாங்காதிருப்பது என்பது தானே விளங்கும்.

அந்த அடுத்த படிகள் சில கடனே வேண்டாதவை. முதுகலை முடித்து தேசிய அளவிலான தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெறுவோர்க்கு, 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்பெறுகின்றது. அங்கு மாணவர் கட்டணம் கட்டிப் படிப்பதில்லை, ஊதியம் பெற்று ஆய்கின்றார். கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் போன்றோர் நடந்த பாதை அது. அப்பாதையில் செல்லத் திறமுள்ள மாணவரை, முதற்பட்டக் கடனுக்குத் தவணை கட்டவேண்டி ஏதோவொரு வேலைக்கு அனுப்புதல் பேரிழப்பாகும்.

உயிரியல் பிரிவில் தேறியவர்க்கு எம்.பி.பி.எஸ். ஒன்றே வழி, அது தவறினால் பொதுப்பட்டம் என்ற எண்ணமும் மாறவேண்டும். நாமக்கல்லிலேயே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகின்றது. அதன் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படை. வேளாண்மைப் பல்கலைக்கழகப் படிப்புகளும் அவ்வாறே. செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் ஆகியனவும் உயிரியலின் கிளைகளே. இவற்றின் இறுதியில் ஒரு குறிப்பிட்ட தொழில் இருக்கின்றது.

சேருமுன் செய்யத்தக்கவை

முதலாவது, முதற்பட்டத்தை இயன்றவரை கடனின்றிப் பெற முயல்க. தமிழக அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலை மாணவரிடம் கற்பிப்புக் கட்டணம் பெறப்படுவதில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆடவர்க்கும் மகளிர்க்கும் அத்தகைய கல்லூரிகள் உள்ளன. உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பாடத்திற்கு உதவிபெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என இரண்டு இருப்பதுண்டு. முன்னதின் கட்டணம் மிகக் குறைவு. முதற் பட்டியலில் பெயரில்லை எனச் சோர்ந்து உடனே சுயநிதிப் பிரிவில் பணம் கட்டாமல், அடுத்தடுத்த கலந்தாய்வு வரை பொறுத்தல் நன்று. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்ற மாணவியர்க்கு 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்க்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். வீட்டிலிருந்தே வந்து போகும் மாணவிக்கு அத்தொகை சிறிதன்று.

இரண்டாவது, கடன் வாங்கியே ஆகவேண்டுமெனில், உறுதியான முதற் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கிற்கு மேல் தவணை போகலாகாது என வரம்பிட்டுக்கொள்க. 15,000 ரூபாய்ச் சம்பளமெனில் தவணை 3,750-க்குள் நிற்க வேண்டும். மேற்கண்ட கணக்கின்படி, ஏழாண்டில் அடைக்க, மூன்றாண்டிற்கும் சேர்த்து வாங்கத்தக்க தொகை ஏறத்தாழ 1,70,000 ரூபாய். அதற்கு மேற்பட்டால் பாடத்தையோ கல்லூரியையோ விடுதியையோ மாற்றி எண்ணுக.

மூன்றாவது, படிக்கும்போதே வட்டியைக் கட்டிவருக. நம் எடுத்துக்காட்டில் முதலாண்டு மாதம் 833 ரூபாய், இரண்டாமாண்டு 1,667, அதன்பின் 2,500 ரூபாய் கட்டிவந்தால் கடன் 3 லட்சமாகவே நிற்கும். ஏழாண்டுத் தவணை 6,475-லிருந்து 4,980 ஆகக் குறையும். இவ்வாறு கட்டுவோர்க்கு வட்டியில் 1 விழுக்காடு சலுகை தரவும் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு.

நான்காவது, பாடத்தின் பெயர் கண்டு மயங்கற்க. புதுப்பெயர் கொண்ட பட்டங்கள், ஆசிரியர் பணிக்கும் அரசுப் பணிக்கும் விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ இணையாக அரசாணையால் ஏற்கப்பட்டுள்ளனவா எனச் சேருமுன் கேட்டறிக. சேர்ந்தபின் அறிவதால் பயனில்லை.

ஐந்தாவது, தவணை கட்ட இயலாத நிலை வந்தால் ஒளியற்க. வேலையின்மையையோ மேற்படிப்பையோ எழுத்து வடிவில் வங்கிக்குத் தெரிவித்துக் காலத்தை மாற்றியமைக்கக் கேட்டால் வழி பிறக்கலாம். வாளாவிருந்தால் மாணவரின் கடன் வரலாற்றோடு, இணைக்கடனாளரான தந்தையின் வரலாறும் கறைப்படும். பின்னர் அவர் தொழிலுக்குக் கடன் கேட்டாலும் கிடைப்பது அரிதாகும்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

நம் சமுதாயத்தில் வட்டிக்கு அஞ்சிக் கல்விக்கடனையே நாடாத குடும்பங்கள் பல. அவ்வச்சம் மதித்தற்குரியது. ஆனால் வட்டிக்கு அஞ்சி வங்கியைத் தவிர்த்தவர், பிள்ளையின் இடம் பறிபோகுமென்ற பதற்றத்தில் இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்குவதையும் கண்டிருக்கின்றேன். அல்லது மகனைப் படிக்கவைத்து மகளை நிறுத்திவிடுகின்றனர். வழிகாட்டாமல் தடுத்தல் மட்டும் போதாது. கடனை எழுதிவைக்க வேண்டும் என்றும், கடனாளி இடர்ப்பட்டால் அவகாசம் தரவேண்டும் என்றும் திருமறை பணிக்கின்றது. வட்டியில்லாத அழகிய கடனையும் அது போற்றுகின்றது. இவை மூன்றும் ஊர்தோறும் ஜமாஅத்தில் நடைமுறைப்படுத்தத் தக்கவை.

1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951-இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் எழுந்தன. அக்காலப் பெரியோர் கட்டடங்கள் எழுப்பினர். இன்றைய தேவை, அக்கட்டடங்களுக்குள் வரும் பிள்ளை கடனின்றி வெளியேறுதல். ஆண்டுதோறும் பலர்க்குச் சிறுசிறு தொகையாகப் பகிர்ந்தளிக்கும் கல்வி உதவியை, முதற்பட்டத்திற்குக் கட்டணமாகவும், பி.எட்., ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம், செவிலியம் போன்ற இறுதிப் படிக்கு வட்டியில்லாக் கடனாகவும் பிரித்து வழங்கினால், திரும்பி வரும் பணம் அடுத்த மாணவர்க்குப் பயன்படும். தொழிற்படிப்புகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் 1999 முதல் உள்ளது. அதன் படிவத்தை நிரப்பத் தெரியாமல் விட்டோர் பலர். அதனை நிரப்பித் தருவதும் ஓர் அறமே. உமறுப்புலவர்க்கு வள்ளல் சீதக்காதி அளித்தது கடனன்று, கொடை. அதன் பயனாய் நாம் சீறாப்புராணம் பெற்றோம்.

பட்டறை அன்பரிடம் அன்று, சேர்க்கைப் படிவத்தின் பின்புறத்தில் இக்கணக்கை எழுதிக் காட்டினேன். அவர் நெடுநேரம் அதனைப் பார்த்திருந்தார். பின்னர் மகளை அழைத்து, "நீயே பாரு கண்ணு" என்று அவள் கையில் கொடுத்தார். மூன்றாம் பட்டியலில் அவளுக்கு உதவிபெறும் பிரிவில் விலங்கியல் கிடைத்தது. நாள்தோறும் பேருந்தில் வந்து படித்தாள். பின்னர் பி.எட். சேர்ந்தபோதுதான் முதன்முறையாகக் கடன் வாங்கினாள். எவ்வளவு, எதற்கு, எப்போது முடியும் என்ற மூன்றையும் அப்போது அவளே எனக்குச் சொன்னாள்.